அடி பம்பும் நெத்திலியும்

டேங்கர் என்னை மூன்று முறை கடித்திருக்கிறான். மணிக்கட்டில் ஒன்று, சட்டைக் கையில் ஒன்று, உள்ளங்கையில் ஒன்று. இன்றைக்கு அவன் என் கட்டிலுக்கடியில் குறட்டை விட்டுத் தூங்குகிறான் என்று சொன்னால் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் என்னோடு வேலை செய்கிறவர்கள் சிரிக்கிறார்கள். அவர்கள் தழும்பைப் பார்த்தவர்கள். குறட்டையைக் கேட்டதில்லை.

2023 டிசம்பர் முதல் வாரம் மிக்ஜாம் புயல் மழை. நான்காம் தேதி சென்னையே முழுகிக் கிடந்தபோது, மணலிப் பக்கமிருந்து எண்ணெய்க் கழிவு வெள்ளத்தில் கலந்து பக்கிங்காம் கால்வாய், கொசஸ்தலை ஆறு, எண்ணூர் கழிமுகம் என்று பரவியது. காட்டுக்குப்பத்துப் படகுகளும் வலைகளும் கறுத்தன. கூழைக்கடாக்கள் இறகு ஒட்டிப்போய் நின்ற படத்தைப் பேப்பரில் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். எர்ணாவூரில் என் தங்கச்சி வீட்டுக்குள்ளும் அந்தத் தண்ணீர் வந்தது. சுவரில் இடுப்பு உயரத்துக்கு ஒரு கறுப்புக் கோடு. இரண்டு முறை வெள்ளையடித்தும் இன்னும் லேசாகத் தெரிகிறது.

பிரெட்டும் பால் பவுடரும் மெழுகுவத்தியும் எடுத்துக்கொண்டு அவளைப் பார்க்கப் போனவன், திரும்பும்போது ஒரு மீன் பெட்டியோடு வந்தேன். உள்ளே நாய்.

அவள் தெருமுனையில் பாதி கட்டி நின்றுபோன ஒரு வீடு. அதன் மாடிப்படியில் நின்றுகொண்டிருந்தது. வாலிலிருந்து கழுத்துவரை தார் பூசியதுபோல் எண்ணெய். குரைக்கவில்லை, முனகவில்லை. தண்ணீர் வடிந்து நாலு நாளாகியும் கீழே இறங்கவில்லை என்று பையன்கள் சொன்னார்கள். அவர்கள்தான் 'டேங்கர்' என்று பெயர் வைத்தவர்கள். எண்ணெய் லாரியிலிருந்து விழுந்த மாதிரி இருந்ததாம். தன் முன்னங்காலை அது நக்கிக்கொண்டே இருந்தது. நக்குவது எண்ணெயை என்று உறைத்தபோது எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு கோணியைப் போர்த்தித் தூக்கினேன். அது முதல் கடி.

மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தால் போய்விடும் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். நல்ல வேளை, கேட்கவில்லை. வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு ஆட்டோ பிடித்தேன். 1903-இல் தொடங்கிய கல்லூரி அது. வடசென்னையில் ஆடு மாடு கோழி நாய் எது படுத்தாலும் நாங்கள் ஓடுவது அங்கேதான். மண்ணெண்ணெய் தோலை வேகவைத்துவிடும், நக்கினால் வயிற்றுக்குள்ளும் போகும் என்றார் டாக்டர். காஸ் துணியால் வாயைக் கட்டி, மயக்கம் வர ஒரு ஊசி போட்டு, சமையல் எண்ணெயை உடம்பெல்லாம் தேய்த்தார்கள். பிசின்போல் ஒட்டியிருந்தது இளகியது. பிறகு பாத்திரம் தேய்க்கும் லிக்விட். இப்படி மூன்று சுற்று. எண்ணெயை எண்ணெயால்தான் எடுக்க வேண்டும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். கறுப்பு போனபிறகுதான் நாயின் நிறம் தெரிந்தது. செவலை.

என் மணிக்கட்டைப் பார்த்த டாக்டர், "இங்க நிக்காதீங்க, மொதல்ல ஸ்டான்லிக்குப் போங்க" என்றார்.

ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் சிஸ்டர் கேட்ட முதல் கேள்வி: "வீட்டு நாயா, தெரு நாயா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. "தெரியாத நாய்" என்றேன். அவர் 'தெரு' என்று எழுதிக்கொண்டார். அன்றைக்கு ஒன்று, பிறகு மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள் என்று சீட்டில் தேதி போட்டுக் கொடுத்தார்கள். கடிவாயைச் சுற்றித் தனியாக ஒரு மருந்து போட்டார்கள். அந்த வலியைச் சொல்ல வேண்டாம். கடித்தவுடனே சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் கால் மணி நேரம் கழுவினேனா என்று கேட்டார்கள். கழுவவில்லை. அதற்கும் வாங்கிக் கட்டிக்கொண்டேன். "நாய் கண்ணு முன்னாடி இருக்குல்ல? பத்து நாள் பாருங்க. பத்தாம் நாளும் நல்லா இருந்தா, கடிச்ச அன்னிக்கு அதுக்கு வெறி இல்லன்னு அர்த்தம். ஆனா ஊசிய மட்டும் நிறுத்தாதீங்க."

எங்கள் சந்துக்கு அந்தப் பத்து நாள் சாதாரணமாகக் கழியவில்லை. அதற்கு மூன்று வாரம் முன்புதான், நவம்பர் 21 அன்று, ராயபுரம் ஜி.ஏ. ரோட்டில் ஒரு தெரு நாய் ஏறக்குறைய முப்பது பேரைக் கடித்துப் போட்டிருந்தது. ஜனங்கள் அதை அடித்தே கொன்றார்கள். பரிசோதனையில் அதற்கு வெறிநோய் என்று உறுதியாயிற்று. அந்தப் பயம் ஆறுவதற்குள் கடிக்கிற நாயொன்றை நான் வீட்டுக்குக் கொண்டு வந்திருக்கிறேன். அதே ராயபுரத்தில், கல்மண்டபத்தை ஒட்டிய சந்தில் நாலு குடித்தனம் உள்ள லைன் வீடு எங்களுடையது. ஒரே வாசல், ஒரே முற்றம், ஒரே அடி பம்பு. "பாவம்னு பட்டா எர்ணாவூர்லயே வெச்சுப் பாத்துக்கயேன்" என்று பக்கத்துக் குடித்தனக்காரர் சொன்னது எனக்குக் கோபமாக வரவில்லை. அவருக்கு மூன்று வயதில் பேரப்பிள்ளை.

மாடிப்படிக்கடியில், தண்ணீர் டிரம்முக்குப் பின்னால், பலகை அடைத்து இடம் செய்தேன். சந்தே நாள் எண்ணியது. பால்காரர் கேட்பார், இஸ்திரிக்காரர் கேட்பார், "இன்னிக்கு எத்தினியாவது நாளு?" என்று. பத்தாம் நாள் டேங்கர் வழக்கம்போல டிரம்முக்குப் பின்னாலிருந்து உறுமினான். உறுமலைக் கேட்டு நாலு குடித்தனமும் நிம்மதியானது அன்றைக்கு மட்டும்தான்.

ஆனால் ஒரு வாய் சோறு என் எதிரில் தின்ன மாட்டான். கவளையை வேகவைத்து முள் எடுத்துப் பிசைந்து வைத்துவிட்டு, தின்கிறானா என்று பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். எதிர் வீட்டு ஆயா, நாற்பது வருஷம் மீன் விற்றவள், ஒருநாள் பொறுக்க முடியாமல் வந்தாள். "இன்னா கண்ணு, அது மூஞ்சையே பாத்துக்கினு குந்திக்கினா அது எப்டி துன்னும்? உன்னியே ஒருத்தன் மொறச்சிப் பாத்துக்கினு இருந்தா நீ துன்னுவியா? தட்ட வெச்சிட்டுப் போயிக்கினே இரு." போய்க்கொண்டே இருந்தேன். தட்டு காலியானது.

டிசம்பர் 31 நள்ளிரவு. துறைமுகத்தில் நிற்கிற கப்பலெல்லாம் சேர்ந்து சங்கூதும். ராயபுரத்துக்காரர்களுக்கு அதுதான் புத்தாண்டு. கூடவே மாதாகோயில் மணி, தெருவுக்குத் தெரு வெடி. டேங்கர் சிமெண்டுத் தரையைத் தோண்டினான். நகத்திலிருந்து ரத்தம். என்ன செய்வதென்று தெரியாமல், ஆயா சொன்னதை நினைத்து, அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு படிக்கட்டடியில் உட்கார்ந்தேன். பேசவில்லை, தொடவில்லை. விடியும்போது என் லுங்கி நுனி அவன் காலுக்கடியில் மாட்டியிருந்தது. மூத்திரம் முட்டிக்கொண்டு வந்தது. இழுக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

அந்த ராத்திரி சேர்த்ததை ஜனவரியில் ஒரே மாலையில் தொலைத்தேன்.

அல்சேஷன் வளர்க்கிற நண்பர் ஒருவர். நாய் என்றால் ஓநாய் வம்சம், கூட்டத்துக்குத் தலைவன் ஒருத்தன்தான், வீட்டில் அது நீதான் என்று காட்டினால் தானாக அடங்கும் என்பது அவர் பாடம். உறுமினால் வாய்மேல் ஒன்று போடு, கழுத்தைப் பிடித்து மல்லாக்கத் தள்ளி அமுக்கு என்றார். இந்தக் கருத்து எங்கிருந்து வந்தது என்று பிறகு என் மகள் சொன்னாள். 1947-இல் ருடால்ஃப் ஷெங்கல் என்பவர் அடைத்து வைத்த ஓநாய்களைப் பார்த்து எழுதியது. அதை 1970-இல் தன் புத்தகத்தில் எடுத்துச் சொன்ன டேவிட் மெக் என்கிற ஆராய்ச்சியாளரே, காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது அப்பன், ஆத்தா, பிள்ளைகள் கொண்ட ஒரு குடும்பம்தான் என்று 1999-இல் திருத்தி எழுதிவிட்டார். எங்கள் சந்துக்கு அந்தத் திருத்தம் வந்து சேரவில்லை.

அமுக்கினேன். அவன் என் கைக்கடியில் கட்டைபோல் கிடந்தான். "பாத்தியா, அடங்கிட்டான்" என்றார் நண்பர். அது அடக்கமில்லை, செத்ததுபோல் கிடந்து தப்பிக்கப் பார்க்கிற பயம். கையை எடுத்ததும் பாய்ந்தான். சட்டை கிழிந்தது, தோல் தப்பியது. அதைவிட மோசம், அதற்குப் பிறகு அவன் உறுமுவதை நிறுத்திவிட்டான். நாயின் உறுமல் நமக்குத் தருகிற நோட்டீஸ். அடித்து அதை நிறுத்தினால், நோட்டீஸ் இல்லாமல் நேராகப் பல்தான் வரும். மறுபடி ஒருமுறை அவன் உறுமிக் கேட்க எனக்கு ஆறு வாரம் ஆனது. கேட்டபோது வீட்டில் பாயசம் வைக்காததுதான் பாக்கி.

அந்த ஆறு வாரத்தில் அவனைப் படிக்கக் கற்றேன். தூக்கம் வராமலே கொட்டாவி விட்டால் அவனுக்கு நெருக்கடி. எதிரில் தின்ன ஒன்றுமில்லாமல் உதட்டை நக்கினால், முகத்தைப் பக்கவாட்டில் திருப்பினால், கண்ணின் வெள்ளை பிறைபோல் தெரிந்தால், "போதும், தள்ளிப் போ" என்கிறான். வால் ஆடினாலே சந்தோஷம் என்று ஐம்பத்தாறு வயதுவரை நினைத்திருந்தேன். விறைத்து மேலே நின்று ஆடுகிற வாலுக்கு வேறு அர்த்தம்.

மூன்றாவது கடி ஏப்ரல் முதல் வாரம். மெட்ரோ வாட்டர் லாரி வந்து, டிரம் நிரம்பி வழிந்து, தண்ணீர் படிக்கட்டடிக்கு ஓடியது. டேங்கர் மூலையில் ஒடுங்கி, நாலு காலும் நடுங்க நின்றான். நனைகிறானே என்று கழுத்துப் பட்டையைப் பிடித்து வெளியே இழுத்தேன். உள்ளங்கையில் நாலு பல்.

ஸ்டான்லியில் இந்த முறை இரண்டே ஊசி, அன்றைக்கும் மூன்றாம் நாளும். முன்பே முழுசாகப் போட்டவனுக்கு அது போதுமாம். "வீட்டு நாயா, தெரு நாயா?" என்று கேட்டார்கள். "வீட்டு நாய்" என்றேன். சொன்னபிறகுதான் என் காதிலேயே விழுந்தது.

மகள் கல்லூரியில் உளவியல் படிக்கிறாள். அன்று ராத்திரி அவள் பாவ்லோவைப் பற்றிச் சொன்னாள். மணியடித்தால் நாய்க்கு எச்சில் ஊறும் கதை எனக்கும் தெரியும். இது வேறு. 1924 செப்டம்பரில் லெனின்கிராடில் பெருவெள்ளம். பாவ்லோவின் நாய்கள் கூண்டுக்குள் மாட்டிக்கொண்டன. தண்ணீர் ஏற ஏற, மூக்கை மட்டும் மேலே வைத்து நீந்திக்கொண்டிருந்தன. கூண்டுக் கதவு கீழே இருந்ததால், காப்பாற்ற வந்தவர்கள் நாயின் தலையைத் தண்ணீருக்குள் அமுக்கித்தான் வெளியே எடுக்க முடிந்தது. பிழைத்த நாய்களில் சில அதுவரை கற்றதையெல்லாம் மறந்திருந்தன. ஒரு நாய் மெல்லத் தேறி வந்தது. அதன் அறையில் கதவடியில் கொஞ்சம் தண்ணீர் கசியவிட்டார் பாவ்லோவ். அந்தச் சின்ன ஓட்டத்தைப் பார்த்ததும் நாய் மறுபடி குலைந்துபோயிற்று.

நான் உள்ளங்கைக் கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் தரையில் ஊர்ந்து வருகிறது, மேலேயிருந்து ஒரு கை கழுத்தைப் பிடிக்கிறது. எர்ணாவூர் மாடிப்படியை அவனுக்கு மறுபடி நடத்திக் காட்டியிருக்கிறேன்.

ஏப்ரல் 15-இலிருந்து ஜூன் 14 வரை கடலில் மீன்பிடித் தடை. விசைப்படகெல்லாம் கரையில். 61 நாள் ஏலம் சுருங்கிவிடும், ஏலக் கணக்கெழுதுகிற எனக்கு வேலையும் சுருங்கிவிடும். வருமானமில்லாத அந்த இரண்டு மாதத்தை ஒவ்வொரு வருஷமும் சபித்திருக்கிறேன். அந்த வருஷம் சபிக்க நேரமில்லை.

அடி பம்பில் ஆரம்பித்தோம். டாக்டரிடமும் மகளிடமும் கேட்டுக்கொண்ட முறை இதுதான். டேங்கர் வாசலுக்கு வெளியே, பம்பிலிருந்து இருபதடி தள்ளி, என்னோடு. ஆயா பம்பை ஒரே ஒரு அடி அடிப்பாள். சத்தம் வந்ததும் அவன் முன்னால் ஒரு நெத்திலி, உப்பில்லாமல் வேகவைத்தது. கருவாடு கூடாது, உப்பு நாய்க்கு ஆகாது. முதலில் சத்தம், பிறகுதான் மீன். மாற்றிச் செய்தால் மீனைக் கண்டாலே சத்தம் வரப்போகிறது என்று மீனுக்கும் பயப்படுவான். அவன் உட்கார வேண்டும், கை கொடுக்க வேண்டும் என்ற கண்டிஷன் எதுவும் கிடையாது. நடுங்கினாலும் மீன் உண்டு. மீனை மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டால் நாம் ரொம்பக் கிட்டே வந்துவிட்டோம் என்று பொருள். இரண்டடி பின்னால் போக வேண்டும். ஒரு வேளைக்குப் பத்து அடி. அதற்குமேல் ஆசைப்படக் கூடாது.

தடைக்காலத்தில் பைபர் படகுக்காரர்கள் கொண்டு வருகிற மீன்தான் உண்டு, விலை எக்கச்சக்கம். "ஏங்க, நமக்கே கொழம்புக்கு வழியக் காணோம், நாய்க்கு நெத்திலியா?" என்றாள் மனைவி. நியாயமான கேள்வி. ஒரு நெத்திலியை மூன்றாகக் கிள்ளினேன்.

மூன்றாவது வாரம் பன்னிரண்டு அடிக்கு வந்திருந்தோம். அப்போது பின் தெருவில் ஒரு சாவு. மேளம், வெடி, பூ இறைத்துக்கொண்டு ஊர்வலம் எங்கள் சந்து வழியாகவே போனது. செத்தவருக்குச் செய்கிற மரியாதையை நாய்க்காக நிறுத்தச் சொல்ல முடியுமா? டேங்கர் டிரம்முக்குப் பின்னால் போனவன் இரண்டு நாள் வரவில்லை. மறுபடி இருபதடியிலிருந்து ஆரம்பித்தோம். எனக்கு அலுத்துவிட்டது. இந்த ஜென்மத்தில் இதைப் பழக்க முடியாது என்று பம்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஆயா பம்புப் பிடியை விடாமல் சொன்னாள்: "நீ இன்னாத்துக்கு அத்தப் பழக்குற? பழகு கண்ணு. பழகுனா வந்துடும்."

பழக்கு, பழகு. நாற்பது வருஷமாகக் கணக்கெழுதுகிறேன். ஒரே எழுத்து கூடிக் குறைவதில் இத்தனை வித்தியாசம் ரூபாயில்தான் வரும் என்று நினைத்திருந்தேன்.

அதிலிருந்து காலை நாலு மணிக்கு அவனோடு நடக்கப் போனேன். எதையும் கற்றுக்கொடுக்காமல், சும்மா. ராயபுரம் ஸ்டேஷன் பக்கம் அந்த நேரத்தில் சத்தமே இருக்காது. 1856-இல் தென்னிந்தியாவின் முதல் ரயில் கிளம்பிய ஸ்டேஷன். அந்தப் பெருமை டேங்கருக்கு ஒரு பொருட்டில்லை. அந்த மதில் நெடுக எத்தனை நாய் காலைத் தூக்கியிருக்கிறது என்பதுதான் அவனுக்குச் சரித்திரம். ஒவ்வொன்றாக மோந்து முடிக்கும்வரை நிற்பேன். கயிற்றை இழுப்பதில்லை. எந்தப் பக்கம் திரும்புவது என்பதும் அவன் முடிவு. ஒரு மாதத்தில், நான் நின்றால் அவனும் நின்று திரும்பிப் பார்க்க ஆரம்பித்தான்.

ஜூன் 14 நள்ளிரவு தடை முடிந்து படகுகள் கிளம்பின. மறுநாள் நான் வேலைக்குப் புறப்படும்போது ஆயா குடம் நிரப்பிக்கொண்டிருந்தாள். டேங்கர் பம்பிலிருந்து ஆறடியில் உட்கார்ந்திருந்தான். குடம் வழிந்து தண்ணீர் ஓடிவந்து அவன் முன்னங்காலை நனைத்தது. காலைத் தூக்கி உதறினான். கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தான். ஆயா என்னைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. அவளுக்கு இன்னும் இரண்டு குடம் பாக்கி.

ஆகஸ்டில் கருத்தடைக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. பேசின் பிரிட்ஜ் ரோட்டு மையம் என்றதும் ஆயா பதறிவிட்டாள். "பேசின் பிரிட்ஜுக்கா? அங்க போன நாயி திரும்பாது கண்ணு." அவள் சொல்வது அவள் காலத்து உண்மை. கம்பிச் சுருக்கோடு வருகிற நாய் வண்டியை நானும் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். "வண்டி வருதுடா" என்று ஒருவன் கத்தினால் தெருப்பையன்கள் கிடைத்த நாயையெல்லாம் வீட்டுக்குள் தள்ளிக் கதவைச் சாத்துவோம். பிடித்த நாய்களை அந்நாளில் பேசின் பிரிட்ஜ் பட்டியில் மின்சாரம் பாய்ச்சிக் கொன்றார்கள். கொல்வதால் தெருநாய் குறையாது, கருத்தடையும் தடுப்பூசியும் போட்டு அதே தெருவில் விடுங்கள் என்று கேப்டன் சுந்தரம் தொடங்கிய புளூ கிராஸ் 1964-இலிருந்து சொல்லிவந்தது. சென்னை மாநகராட்சி அந்த வழிக்கு வந்தது 1996-இல். நாடு முழுவதற்குமான விதி வந்தது 2001-இல்.

முன்னேற்பாடாக ஒரு மாதம் அவனுக்கு வாய்க்கூடு பழக்கினேன். கூட்டுக்குள் மீன் பிசைந்ததைத் தடவிக் கையில் பிடித்துக்கொண்டிருப்பேன், அவனாக மூக்கை நுழைக்கும்வரை. கொக்கி மாட்டியது இருபதாவது நாள்தான். சுருக்குப் போடாமல், வலை வீசாமல், அவனே நடந்து போய் வண்டியில் ஏறினான். நாலைந்து நாள் கழித்துக் காதில் சின்ன வெட்டோடு திரும்பினான். ஆயா அந்தக் காதைத் தூர நின்றே பார்த்துவிட்டு, "வந்துட்டியாடா கம்னாட்டி" என்று உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அழுதாளா என்று கேட்காதீர்கள். நான் கேட்கவில்லை.

2025-இல் தெருநாய் வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனபோது டீக்கடையில் தினமும் சண்டை. எல்லா நாயையும் பிடித்து அடைக்க வேண்டும் என்று ஒரு கட்சி, தொடவே கூடாது என்று ஒரு கட்சி. ஜி.ஏ. ரோட்டில் கடிபட்டவர்களின் பயம் எனக்குத் தெரியும். மூன்று கடி வாங்கிய பயமும் தெரியும். ஊசியும் கருத்தடையும் விடாமல் நடந்தால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும் என்பது என் கணக்கு. டீக்கடையில் அதற்கு மதிப்பில்லை.

டேங்கர் முழுசாக மாறிவிட்டான் என்று சொல்ல மாட்டேன். மழை பலமாக அடித்தால் இன்னமும் படிக்கட்டில் ஏறி மேல்படியில் நின்றுகொள்கிறான். கூப்பிட்டால் வருவதில்லை. நான் குடையை எடுத்துக்கொண்டு போய் நாலு படி கீழே உட்கார்ந்துகொள்கிறேன். வாலைத் தொட என்னையும் விடுவதில்லை.

எங்கள் வீட்டுக்கு யாராவது வருவதானால் ஒரு வேண்டுகோள். வாசலில் டேங்கர் இருப்பான். கையை நீட்டாதீர்கள், "டாமி, டாமி" என்று கொஞ்சாதீர்கள், முகத்தைப் பார்க்காதீர்கள். படியில் உட்கார்ந்து என்னோடு பேசிக்கொண்டிருங்கள். வந்தால் உங்கள் செருப்பை மோந்து பார்ப்பான். வராவிட்டால் விட்டுவிடுங்கள்.